முதுகு மாற்றும் போன்

அந்தக் கடையில் எந்தப் புது போனையும் கொள்முதல் செய்வதற்கு முன்னால் ஒருமுறை விற்றுப் பார்த்துவிடுவார்கள். வெளி ஆளிடம் இல்லை, தங்களிடமே. கம்பெனி தரும் சாம்பிள் போனை வீட்டுக்கு எடுத்துப் போய் ஒரு வாரம் ஓட்டிப் பார்ப்பார்கள். எண்ணெய்க் கையால் தொட்டு, சோபா இடுக்கில் தொலைத்து, திட்டிக்கொண்டே தேடி எடுத்து, பிறகு அதே கடையின் பின்பக்கம் இருக்கும் பழைய போன் கவுண்டரில் கொண்டுவந்து நீட்டுவார்கள். புது விலையில் பாதிக்கு மேல் அங்கே கிடைத்தால் அந்தப் போனுக்கு ஷோகேஸில் இடம் உண்டு. பாதிக்குக் கீழே போனால் கம்பெனிக்காரருக்கு நல்ல டீயாக ஒன்று வாங்கிக் கொடுத்து, படிக்கட்டுவரை வந்து வழியனுப்பிவிடுவார்கள்.

இந்த முறையைக் கொண்டுவந்தவர் முதலாளி. புது போன் வாங்க வருகிறவன் கேமராவைப் பற்றிக் கேட்பான், பேட்டரியைப் பற்றிக் கேட்பான், எல்லாம் தெரிந்தவன்போல் தலையாட்டுவான். கடைசியில் கண்ணாடிக் கதவில் கை வைத்துக்கொண்டு, சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்கிறவன்போல, "நாளைக்கே வித்தா என்ன போகும்?" என்பான். அந்தக் கேள்விக்குக் கடைக்காரன் வாயில் பதில் இருந்தால் ஆள் திரும்பி உள்ளே வருவான். இல்லாவிட்டால் கதவு மூடிக்கொள்ளும். முதலாளி வாழ்நாள் முழுக்க அந்தக் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கட்டடம் முழுக்கப் போன் கடைகள். அவர் கடை படிக்கட்டுக்கு எதிரே. முன்னால் புது போன் கவுண்டர்: கண்ணாடி, வெள்ளை விளக்கு, சுழலும் நாற்காலி, நேர் மேலே ஏ.சி. பின்னால் பழைய போன் கவுண்டர்: ரப்பர் விரிப்பு, கழுத்து வளைந்த மேஜை விளக்கு, காற்றுக்குப் பதில் சத்தம் தருகிற ஒரு மின்விசிறி. இரண்டுக்கும் மேலே, இரும்பு ஏணியில் ஏறிப் போகிற ஒரு மேல்தட்டு. அங்கே நிமிர்ந்து நிற்க நினைத்தவர்களின் தலை இடித்த எண்ணெய்க் கறை கூரையில் உண்டு.

முன்கவுண்டரில் முதலாளி. பின்கவுண்டரில் மூத்த மருமகன். மேல்தட்டில் இளைய மருமகன்.

மூத்தவருக்குக் கட்டடம் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. எந்தப் போனைக் கொடுத்தாலும் முதலில் குப்புறப் போட்டு, கண்ணில் ஒரு லென்ஸைச் சொருகிக்கொண்டு ஸ்க்ரூக்களைத்தான் பார்ப்பார். ஸ்க்ரூவின் தலையில் ஒரு கீறல் இருந்தால் போனை யாரோ திறந்திருக்கிறார்கள். திறந்திருந்தால் உள்ளே எதையோ மாற்றியிருக்கிறார்கள். மாற்றியிருந்தால் விலை மாடியிலிருந்து கீழே விழுந்த மாதிரி. "ஸ்க்ரூ தொட்ட போன்" என்று அவர் சொல்லிவிட்டால் பக்கத்துக் கடையிலும் அந்தப் போனுக்கு அதே விலைதான். அவர் விலையை வாயால் சொல்வதும் கிடையாது. கால்குலேட்டரில் தட்டி எதிராளி பக்கம் திருப்பி வைப்பார். எதிராளி அதை அழித்துத் தன் விலையைத் தட்டித் திருப்புவார். இப்படிக் கால்குலேட்டர் போய் வந்துகொண்டிருக்கும், இருவரும் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

இளைய மருமகன் முன்பு ஓர் ஆபீஸில் இருந்தார். ஆபீஸை மூடினார்கள். "வேற வேலை கிடைக்கிற வரைக்கும் நம்ம கடையில இருங்க மாப்ளே" என்று மாமனார் கூப்பிட்டார். அந்த 'வரைக்கும்' இன்னும் முடியவில்லை. மேல்தட்டில் உட்கார்ந்து போன் உறைகளை மாடல் வாரியாகப் பிரிப்பதும், கீழே யாராவது கேட்டால் எடுத்துப் போடுவதும் அவர் வேலை. வாடிக்கையாளர்கள் அவரைப் பார்த்ததில்லை. மேலேயிருந்து வருகிற ஒரு கை என்ற அளவில் தெரியும்.

இந்த நிலையில் முதலாளியின் முழங்கால் கெஞ்ச ஆரம்பித்தது. இனி கடைக்கு வந்தால் ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதோடு சரி என்று டாக்டர் சொல்லிவிட்டார். முன்கவுண்டர் நாற்காலி காலியாகப் போகிறது. பூதக்கண்ணாடிக்குப் பின்கவுண்டரை விட்டு நகர எண்ணமில்லை என்று கட்டடத்துக்கே தெரியும்.

"அப்போ அந்த நாற்காலி எனக்குத்தானே மாமா?" என்று இளையவர் கேட்கவில்லை. அவர் மனைவி கேட்டாள். அவள் முதலாளியின் இளைய மகள். கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டிய இடத்தில் கேட்டே வளர்ந்தவள்.

முதலாளி முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னார்: "நாற்காலியில உக்கார எல்லாருக்கும் தெரியும்மா. எந்தச் சரக்கு போகும்னு தெரியணும். மாப்பிள்ளை ஒரு போனைப் பாத்துக் கொண்டுவரட்டும். நம்ம வழக்கப்படி ஒரு வாரம் ஓட்டட்டும். பெரியவர் நல்ல விலை சொன்னா, நாற்காலி இவருக்கு. இல்லைன்னா நான் சம்பளத்துக்கு ஒரு ஆளைப் போட்டுட்டுப் போறேன்."

"இவர் தேடிக் கொண்டுவர்றதுக்குள்ள உங்க முழங்கால் நல்லாயிடும்" என்றார் பூதக்கண்ணாடி, லென்ஸை எடுக்காமலே.

ஆனால் இளையவர் உடனே கொண்டுவந்தார். கட்டடத்தின் எல்லாக் கடைகளாலும் திருப்பி அனுப்பப்பட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்த ஒரு கம்பெனிக்காரரைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தார். அவர் பையில் ஒரு போனும், அந்தப் போனுக்கு மாற்றுவதற்கான முதுகுகளும் இருந்தன. போனின் பின்பக்கத்தை அங்கே எல்லோரும் முதுகு என்றுதான் சொல்வார்கள்.

"இதுதான் சார் விசேஷம்" என்றார் கம்பெனிக்காரர். "மலிவு விலை. ஆனா பாக்கிறவனுக்கு மலிவுன்னு தெரியாது. கறுப்புல வாங்கலாம். அலுத்துப் போனா ஆரஞ்சு. மூலையில இருக்கிற இந்தக் குமிழைக் கழட்டினா கயிறு கட்டலாம், ஸ்டாண்ட் மாட்டலாம். எல்லாம் வாங்கினவரே செஞ்சுக்கலாம். நாலு மூலையில ஸ்க்ரூ, அவ்வளவுதான். ஸ்க்ரூடிரைவர் கூட டப்பாவிலேயே இருக்கு."

"சார்ஜர் இருக்கா?" என்றார் இளையவர்.

கம்பெனிக்காரர் தொண்டையைச் செருமினார். "ஸ்க்ரூடிரைவர் இருக்கு சார்."

பூதக்கண்ணாடி தூரத்திலிருந்தே போனைப் பார்த்தார். "ஸ்க்ரூ வெளியில தெரியுதே, சகலை. மனுஷன் உள்பனியனை மேல போட்டுக்கிட்டு வந்த மாதிரி."

இளையவர் போனையும் முதுகுகளையும் பையோடு வாங்கி வீட்டுக்குக் கொண்டு போனார்.

அந்த ஒரு வாரம் அவர் மேல்தட்டை மறந்து வேலை செய்தார் என்றே சொல்ல வேண்டும். காலையில் முழுச் சார்ஜ் போட்டு, பாட்டு, படம், வழி பார்ப்பது, மைத்துனி மகளின் விளையாட்டு என்று எல்லாவற்றுக்கும் கொடுத்து, எப்போது மூச்சை விடுகிறது என்று பார்த்தார். பேட்டரி அடுத்த நாள் காலை டீவரை தாக்குப்பிடித்தது. திரை வெயிலில் தெரிந்தது. கேமரா வெளிச்சத்தில் நல்ல பிள்ளை, இருட்டில் வேறு பிள்ளை. ஒற்றை ஸ்பீக்கர், படுக்கையில் வைத்தால் வாயைப் பொத்திய மாதிரி பேசியது. விளையாட்டில் சூடானது, ஆனால் கையைச் சுடும் அளவுக்கு இல்லை. கடைகளில் போனைத் தொட்டுக் காட்டிப் பணம் கட்டும் வசதி அதில் கிடையாது. அந்த விலைக்கு அதை எதிர்பார்ப்பதும் நியாயம் கிடையாது. மொத்தத்தில், வரனாக இருந்தால், "பையன் பரவாயில்லை, வீட்டுக்கு அடங்கினவன்" என்று சொல்லி முடித்துவிடலாம்.

ஆனால் வீட்டில் யாரும் திரையைப் பார்க்கவில்லை. முதுகுகளைத்தான் பார்த்தார்கள்.

மனைவி நீலம் மாட்டினாள். மைத்துனி மகள் வந்து ஆரஞ்சு கேட்டாள். ஆரஞ்சு மாட்டியதும் மாமியார் பார்த்துவிட்டு, "இது என்ன, ரோட்டு வேலை செய்யறவங்க சட்டை மாதிரி?" என்று பச்சைக்கு மாற்றச் சொன்னார். பச்சை மாட்டியபின் நீலமே தேவலை என்றார். மைத்துனி வந்தபோது கறுப்பு. அவள் போனதும் மறுபடி நீலம். இப்படி அந்தப் போன் ஒரு வாரத்தில் மாற்றிய உடை, அந்த வீட்டில் யாரும் ஒரு மாதத்தில் மாற்றியிருக்க மாட்டார்கள்.

டப்பாவோடு வந்த ஸ்க்ரூடிரைவர் இரண்டாம் நாளே காணாமல் போனது. அதற்காக யாரும் நிறுத்தவில்லை. மனைவி நகவெட்டியின் நுனியால் திருகினாள். மாமியார் காய் நறுக்கும் கத்தியை எடுத்தார். முதுகைக் கழற்றுவதற்கு முன் சிம் ட்ரேயை வெளியே எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அது பிடித்துக்கொள்ளும். மாமியார் எடுக்கவில்லை. பிடித்துக்கொண்டது. அவர் விடவில்லை. கத்தி வழுக்கி உள்ளே இருந்த கறுப்புத் தகட்டில் ஒரு நீளக் கோடு போட்டது.

"உள்ளதானே? யார் பாக்கப் போறாங்க" என்று மூடிவிட்டார்.

"அம்மா, இது பரீட்சைக்குப் போற போன்!" என்றாள் மகள்.

"பரீட்சைக்கு நீயே ஒழுங்காவா போனே?" என்றார் மாமியார்.

வார முடிவில் இளையவர் போனைத் துடைத்து, எல்லாவற்றையும் அழித்து, பழைய போன் கவுண்டரில் வைத்தார். முதலாளி ஓரத்தில் ஒரு ஸ்டூலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். பூதக்கண்ணாடி விளக்கை இழுத்தார். போனைக் குப்புறப் போட்டார். லென்ஸைச் சொருகினார். நாலு மூலையையும் பார்த்தார். பிறகு உதட்டைப் பிதுக்கி, செத்த பல்லியைப் பார்க்கிறவர்போல் சற்றுப் பின்னால் சாய்ந்தார்.

"சகலை, இதை வீட்டுல வெச்சிருந்தீங்களா, இல்ல எலிக்குப் போட்டீங்களா?"

"முதுகு மாத்தினோம். அதுக்குத்தானே அந்தப் போனே."

"ஸ்க்ரூ ஒவ்வொண்ணும் தலை மழுங்கிக் கிடக்கு. ஸ்க்ரூ தொட்ட போன். தொட்ட போன்னா தொட்ட போன்தான்." கால்குலேட்டரில் தட்டித் திருப்பினார்.

இளையவர் பார்த்தார். டீக்குப் பக்கத்தில் ஒரு பன்னும் சேர்த்து வாங்கிக் கொடுத்து அனுப்ப வேண்டிய விலை.

"அண்ணே, ஒரு நிமிஷம். திரையைப் பாருங்க. பேட்டரியைப் பாருங்க. முன்பக்கம் திருப்பியாவது பாருங்க!"

"முன்பக்கம் சிரிக்கும் சகலை. எல்லாப் போனும் முன்பக்கம் சிரிக்கத்தான் செய்யும். பின்னாடிதான் உண்மையைச் சொல்லும். நாளைக்கு ஒருத்தர் இதே போனை இங்க கொண்டுவர்றார். ஸ்க்ரூ மழுங்கியிருக்கு. அவர் முதுகு மாத்தினாரா, இல்ல உள்ள பேட்டரியையே மாத்தி டூப்ளிகேட்டைப் போட்டாரா? எனக்கு எப்படித் தெரியும்?"

 கேள்வி நியாயமானது என்பதுதான் இளையவருக்கு எரிச்சல்.

முதலாளி முழங்காலை மெல்ல மடக்கினார். "முடிஞ்சுது மாப்ளே. வாங்கினவனையே கழட்டச் சொல்ற போன். கழட்டினா விலை போகாத மார்க்கெட். ரெண்டும் ஒத்துவராது. திங்கக்கிழமை அந்தக் கம்பெனிக்காரர் வந்தா சாம்பிளைக் கொடுத்துடுங்க. முன்கவுண்டருக்கு நான் ஆள் பாக்கச் சொல்றேன்."

இளையவர் போனை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினார்.

மனைவி மதியச் சாப்பாட்டோடு கடைக்கு வந்தபோது அவர் உறைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். அவளும் மேலே ஏறி, தலை இடிக்காமல் குனிந்து உட்கார்ந்தாள். நடந்ததைக் கேட்டாள். அவள் கண்ணில் தண்ணீர் வரும் என்று அவர் எதிர்பார்த்தார். வரவில்லை. கம்பெனிக்காரரிடம் திருப்பிக் கொடுக்க வைத்திருந்த பையைத் தன் பக்கம் இழுத்து, பிரிக்காமல் மிச்சமிருந்த ஒரே முதுகை எடுத்தாள். வெளிர் சாம்பல் நிறம். யாருக்கும் பிடிக்காததால் தப்பித்திருந்தது.

"இந்தக் கவர்ல என்ன, கீழே ஒட்டியிருக்கு?"

"ஸ்க்ரூ. ஒவ்வொரு முதுகோடயும் புது ஸ்க்ரூ தர்றாங்க."

"தெரிஞ்சுக்கிட்டேவா சும்மா உக்காந்திருக்கீங்க?"

"தெரிஞ்சு என்ன பண்ண? அதைச் சொன்னா உங்க அத்தான் நம்புவாரா?"

"சொன்னா நம்ப மாட்டார். வாங்கினா நம்புவார்" என்றாள் அவள்.

இளையவர் கையில் இருந்த உறையைக் கீழே வைத்தார்.

மேல்தட்டில் ஸ்க்ரூடிரைவருக்குப் பஞ்சமில்லை. முறையாகச் சிம் ட்ரேயை எடுத்து, மழுங்கிய ஸ்க்ரூக்களைக் கழற்றி, நீல முதுகை நீக்கி, சாம்பலை மாட்டி, புது ஸ்க்ரூக்களை அளவாக இறுக்கினார். கைக்குட்டையால் துடைத்தார். போனைப் பார்த்தால், டப்பாவை இப்போதுதான் பிரித்தார்களோ என்று இருந்தது.

யார் கையில் கொடுத்து அனுப்புவது என்பதில் மனைவிக்குச் சந்தேகமே இல்லை. மாடியில், கட்டடத்திலேயே போன் விற்காத ஒரே கடை, டெய்லரம்மாவுடையது. அவர் பேரம் பேசினால் எதிரில் இருப்பவர் கொடுத்ததோடு மன்னிப்பும் கேட்டுவிட்டுப் போவார்.

"எனக்கென்னம்மா லாபம்?" என்றார் டெய்லரம்மா, வாயில் இருந்த ஊசியை எடுக்காமல்.

"என்ன வேணும் சொல்லுங்கக்கா."

"உன் வீட்டுக்காரர் பேன்ட்டைச் சின்னது பண்ணக் கொண்டுவர்றப்ப, இனிமே நீ பேரம் பேசக் கூடாது."

அவள் சற்று யோசிக்கத்தான் செய்தாள். பிறகு சம்மதித்தாள்.

இளையவர் மேல்தட்டில் விளிம்போரம் குப்புறப் படுத்துக்கொண்டு கீழே பார்த்தார். பழைய போன் கவுண்டரில் டெய்லரம்மா போனை வைத்தார்.

"என் அக்கா மகன் கொடுத்தான் தம்பி. எனக்குப் பழைய போனே போதும். இதுக்கு என்ன தருவீங்க?"

பூதக்கண்ணாடி போனைக் குப்புறப் போட்டார். லென்ஸ். விளக்கு. ஒவ்வொரு மூலையிலும் நிதானமாக நின்றார். கடைசி மூலையில் இருந்து நிமிர்ந்தபோது அவர் முகத்தில், நல்ல சாப்பாடு சாப்பிட்டவரின் அமைதி இருந்தது.

"இதே மாடல் காலையில ஒண்ணு பாத்தேன்கா. கண்றாவி. ஆனா இது... யாரும் கையே வைக்கலை."

"வெச்சாதானே. அவனுக்கு இதைவிடப் பெருசு வேணுமாம். வயசு அப்படி."

திருட்டுப் போனா என்று போனின் அடையாள எண்ணைப் போட்டுப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. காலையில் வந்தது வீட்டுப் போன் என்பதால் அதன் எண்ணை அவர் பார்க்கவே இல்லை. கால்குலேட்டரில் தட்டித் திருப்பினார். டெய்லரம்மா எட்டிப் பார்த்தார்.

"இது விலையா, உங்க வீட்டுக் கதவு நம்பரா?"

"மார்க்கெட் அப்படி இருக்குக்கா. மழை வேற."

"மழைக்கும் போனுக்கும் என்ன தம்பி? நான் என்ன குடையா விக்கறேன்?" அவர் அழித்துத் தட்டித் திருப்பினார்.

"அக்கா, இதுக்குப் புதுசே வாங்கிடலாமே!"

"இது புதுசுதானே! நீங்கதானே சொன்னீங்க, யாரும் கை வைக்கலைன்னு. சொல்லிட்டு இப்ப மாத்தறீங்க. சரி, கொடுங்க, எதிர்க்கடையில கேக்கறேன்." கையை நீட்டினார், ஆனால் போனைத் தொடவில்லை. எழுந்தார், ஆனால் நாற்காலியைத் தள்ளவில்லை.

கால்குலேட்டர் போனது, வந்தது. இருவரும் மழையை விட்டு, தையல் மெஷினின் பெல்ட் அறுந்துபோவதைப் பற்றிப் பேசினார்கள். கடைசியில் கால்குலேட்டர் நின்ற இடம், புது விலையில் பாதியைத் தாண்டி, முக்காலுக்குக் கிட்டத்தில் இருந்தது. பூதக்கண்ணாடி பணத்தைக் கொடுத்துவிட்டு, வாங்கிய போனைத் தன் சட்டையில் ஒருமுறை தேய்த்தார்.

டெய்லரம்மா படியேறும்போது மேல்தட்டைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார். பணம் முந்தானையில் இல்லை, இடுப்புப் பையில் இருந்தது. அதை அவர் பத்திரமாக இளைய மகளிடம் ஒப்படைத்தார். முழுசாக.

இளையவர் ஏணியில் இறங்கினார். ஓரத்தில் முதலாளி டீ குடித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் பார்த்திருந்தார். பார்த்ததற்கு என்ன பொருள் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது.

"அண்ணே, அந்தப் போனைக் கொஞ்சம் கொடுங்க."

"ஏன், நீங்க கொண்டுவந்தது இப்படி இருந்திருக்கணும்னு பாக்கவா?"

இளையவர் சிம் ட்ரேயை எடுத்தார். ஸ்க்ரூக்களைக் கழற்றினார். சாம்பல் முதுகை நீக்கி, விளக்கின் கீழ் வைத்தார். கறுப்புத் தகட்டில் மாமியாரின் கத்திக் கோடு நீளமாக மின்னியது. மனைவி படிக்கட்டிலிருந்து பணத்தோடு இறங்கி வந்து, அத்தான் முன்னால் வைத்தாள்.

"அம்மா போட்ட கோடு, அத்தான். காய் நறுக்கற கத்தி."

பூதக்கண்ணாடி கோட்டைப் பார்த்தார். பணத்தைப் பார்த்தார். இளையவரைப் பார்த்தார். அவர் முகம் சிவக்கும் என்று இருவரும் காத்திருந்தார்கள். அவர் லென்ஸைக் கண்ணிலிருந்து எடுத்து விரிப்பில் வைத்தார்.

"முதுகும் புதுசு, ஸ்க்ரூவும் புதுசு. நான் என்ன சோசியமா பாக்கறது?" என்றார். குரலில் கோபத்தைவிடக் களைப்புதான் அதிகம். "இது மாதிரி பத்துக் கம்பெனி ஆரம்பிச்சா நான் கடையை மூட வேண்டியதுதான்."

"இல்லண்ணே. முதுகு வெறும் சட்டை. சட்டையைப் பாத்து விலை சொல்லாதீங்கன்னுதான் காலையிலேயும் சொன்னேன். திரை, பேட்டரி, கேமரா எல்லாத்தையும் ஓட்டிப் பாத்தா, காலையில இருந்த போனுக்கும் இப்ப இருக்கிற போனுக்கும் ஒரே விலைதான் வரும்."

"ஒவ்வொரு போனையும் ஓட்டிப் பாத்துக்கிட்டிருந்தா வரிசை தெருவுக்குப் போயிடும், சகலை."

"போகட்டுமே."

முதலாளி டீ டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்து, நொண்டிக்கொண்டே வந்து, முதுகில்லாத போனைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மகள் அவர் முகத்தையே பார்த்தாள். அப்பா சிரிக்கப் போகிறாரா, திட்டப் போகிறாரா என்று அவளுக்கே தெரியவில்லை.

"பாதிக்கு மேல போச்சு" என்றார் முதலாளி. "நம்ம முறைப்படி போச்சு. எடுத்துக்கலாம். முதுகும் தனியா எடுத்துக்கலாம், எல்லா நிறமும். போன்ல கிடைக்கிறதைவிட முதுகுல லாபம் அதிகம் நிக்கும்."

இளையவர் மூச்சு விட்டார். மனைவி அவர் முழங்கையைக் கிள்ளினாள்.

"முன்கவுண்டர்ல யாரு?" என்று அவளே கேட்டாள்.

"பெரிய மாப்பிள்ளை."

 மின்விசிறி மட்டும் பேசியது.

"அப்பா! நீங்க சொன்னது..."

"சொன்னேன்மா. நாற்காலி தர்றேன்னு சொன்னேன், தரத்தான் போறேன்." முதலாளி மூத்த மருமகன் பக்கம் திரும்பினார். "பெரிய மாப்ளே, இந்தப் போனைப் புதுசுன்னு நீங்க மனசார நம்பினீங்க. முதுகை மாத்தினா புதுசாயிடும்னு வர்றவனை நம்ப வைக்க, உங்களைவிட யார் இருக்காங்க? ஏமாந்தவர் சொல்றப்ப அதுல ஒரு உண்மை இருக்கும். சின்ன மாப்பிள்ளை சொன்னா, இவர் எதையோ மறைக்கறார்ன்னு தோணும். மறைக்கவும் செய்வார், இப்பதான் பாத்தோமே."

 பூதக்கண்ணாடி முன்கவுண்டருக்கு மேலே இருந்த ஏ.சி.யை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பின்கவுண்டரை விட்டு நகர மாட்டார் என்று கட்டடமே நம்பிக்கொண்டிருந்தது. நகரச் சொல்லி யாரும் கேட்டதில்லை என்பதுதான் விஷயம்.

"சின்ன மாப்ளே, நீங்க இங்க உக்காருங்க. எதை எப்படி மறைக்கலாம்னு தெரிஞ்சவர்தான் பழசு வாங்கணும். டெய்லரம்மா மாதிரி நாளைக்கு நாலு பேர் வருவாங்க. வரிசை தெருவுக்குப் போனா போகட்டும்னு நீங்கதானே சொன்னீங்க?"

அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் மனைவி அப்பாவைத் திட்டிக்கொண்டே வந்தாள். "கொடுக்கற மாதிரி கையை நீட்டி, வேற பையில போட்டுட்டார் பாருங்க. மேலே இருந்து கீழே வந்ததுதான் மிச்சம். அந்த இருட்டு மூலையில, கறை படிஞ்ச விரிப்பு முன்னாடி..."

"நிமிர்ந்து உக்காரலாம்" என்றார் இளையவர்.  அவருக்கும் அந்தச் சுழல் நாற்காலிதான் வேண்டியிருந்தது. அதில் உட்கார்ந்து, கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து வாடிக்கையாளரிடம் பேசுவதைப் பலமுறை மனதுக்குள் நடத்திப் பார்த்திருந்தார்.

போன் நன்றாகப் போனது. முதுகுகள் அதைவிட நன்றாகப் போயின. பூதக்கண்ணாடி முன்கவுண்டரில் சாம்பல் முதுகையே காட்டி, "என்னையே ஏமாத்தின போன் சார் இது" என்று ஆரம்பித்தால், கேட்கிறவர்கள் கதையின் முடிவுக்காகவாவது பணப்பையைத் திறந்தார்கள். பின்கவுண்டரில் இளையவர் ஒவ்வொரு பழைய போனையும் நிமிர்த்தி வைத்து, பேசிப் பார்த்து, படம் எடுத்துப் பார்த்து, சூடாக்கிப் பார்த்து விலை சொன்னார். வாயால் சொன்னார். முதலில் திட்டினார்கள். நேர்மையாக உழைத்த போன்களுக்கு எதிர்க்கடையைவிட அதிகம் கிடைக்கிறது என்று தெரிந்தபின், திட்டிக்கொண்டே வந்தார்கள்.

ஒருநாள் வேறொரு கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்தார். கையில் சாம்பிள் பை. முன்கவுண்டரில் நின்று, மனப்பாடம் செய்த பேச்சை ஆரம்பித்தார். பூதக்கண்ணாடி கையைக் காட்டித் தடுத்தார்.

"மேடம், நான் எடுத்து வெச்சதை விக்கறவன். எதை எடுக்கணும்னு சொல்றது நான் இல்லை. அவர்கிட்ட போங்க. அவர் விலை சொன்னாத்தான் இந்தக் கடையில எதுவும் உள்ள வரும்."

அந்தப் பெண் பின்னால் வந்து, விரிப்பின் மேல் சாம்பிளை வைத்து, பேச்சை முதலிலிருந்து ஆரம்பித்தார்.  இளையவர் காதில் பூதக்கண்ணாடி சொன்னதுதான் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கடையில் அந்த முறை அவர் வருவதற்கு முன்பிருந்தே இருந்தது. அதன் சாவி எந்தக் கவுண்டரில் தொங்குகிறது என்று இவ்வளவு நாளும் அவர் பார்த்ததில்லை. மாமனார் பார்த்திருந்தார் என்பதில் இப்போது சந்தேகமில்லை. ஓரத்து ஸ்டூலைத் திரும்பிப் பார்த்தார். அவர் கால் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தார், அல்லது தூங்குகிற மாதிரி இருந்தார்.

இளையவர் போனை நிமிர்த்தி வைத்து, கம்பெனி ஒட்டியிருந்த திரைத்தாளின் நுனியை நகத்தால் கிளப்பி, சரக்கென்று உரித்தார்.

"சார், சார், அது சாம்பிள்! உரிச்சா நாங்க திருப்பி எடுத்துக்க முடியாது!"

"தெரியும்மா. அடுத்த வாரம் வாங்க" என்றார் அவர். உரித்த தாளை மடித்து அந்தப் பெண்ணிடமே கொடுத்தார்.